மாசி வீட்டு பேட்டரி

சென்னையில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, ஆக்லாந்தில் இறங்கியபோது என்ன கிழமை என்றே எனக்குத் தெரியவில்லை. ஜூலை மாதம், அங்கே நடுக் குளிர்காலம். கயத்தாறில் காற்றாலைகளைப் பராமரிக்கும் எங்கள் நிறுவனம், மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய பேட்டரி நிலையம் ஒன்றைப் பார்த்துவர என்னை அனுப்பியிருந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பகுதியான பாபடோயிட்டோயில், ஓர் இந்தியக் கடையில் மசால் தோசை பதினாறு டாலர். ருசி நாக்கில் ஏறவில்லை, அவ்வளவு அசதி.

பேட்டரி நிலையம் நகரின் தெற்கு ஓரத்துப் பாபகூராவைத் தாண்டிப் புல்வெளிக்கு நடுவே இருந்தது. கப்பலில் ஏற்றும் கன்டெய்னர் போன்ற வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக நின்றன. மின்விசிறிகளின் இரைச்சலைத் தவிர வேறு அசைவில்லை. காற்றும் வெயிலும் தாராளமாக இருக்கும்போது மிஞ்சும் மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மாலையில் ஊரே ஹீட்டரும் அடுப்பும் போடும்போது திருப்பித் தருகின்றன. எங்காவது ஒரு மின்நிலையம் திடீரென்று நின்றுபோனால், மற்றவை வேகம் பிடிக்கும்வரை இவைதான் தாங்கிப் பிடிக்கும். அங்கிருந்த பொறியாளர் விளக்கியதைத் தூறலில் நின்று கேட்டுக்கொண்டேன். கண்கள் தாமாகச் செருகின.

அங்கிருந்து மாசி என்ற இடத்துக்கு. நகரின் வடமேற்கு ஓரத்துக் குடியிருப்பு. நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. என்னோடு திருச்சியில் படித்த யாழ்ப்பாணத்துச் சிவநேசனின் வீடு. இப்போது அவனுக்கு நுரையீரல் நோய். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். கராஜ் சுவரில் வீட்டுக்கென்று ஒரு பேட்டரி, கூரையிலுள்ள சூரியத் தகடுகள் நிரப்புவது.

"களைச்சுப் போனியள் அண்ணா, இருங்கோ" என்று அவன் மனைவி வசந்தி தேநீர் தந்தார். அப்போது அவருடைய போனில் மின்சாரக் கம்பெனியின் செய்தி வந்தது. காற்று ஓய்ந்துவிட்டது, குளிர் கடுமை. இன்று உங்கள் பேட்டரியிலிருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாமா?

"ஓம் எண்டு போடும்" என்றான் சிவநேசன்.

"இண்டைக்கு வேண்டாம். பகல் முழுக்க மழை, பேட்டரி நிரம்பேல்லை. கரண்ட் நிண்டா உங்கட மெஷினுக்கு என்ன செய்யிறது?"

"எல்லாரும் இப்பிடிப் பிடிச்சு வைச்சா கரண்ட் நிக்கத்தான் செய்யும். எனக்காக ஊரை இருட்டில விடுறதே?" மூச்சு வாங்க, நிறுத்தி நிறுத்தித்தான் பேசினான்.

"ஊரைப் பாக்க ஆக்கள் இருக்கினம். உங்களைப் பாக்க நான் மட்டும்தான்."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு மச்சான்." இத்தனை வருடம் மின்சாரத்தோடு புழங்கியவன் நான், பேட்டரியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

வசந்தியே போனை எடுத்து, எடுக்கக்கூடிய அளவைக் குறைத்துவிட்டுச் சம்மதம் கொடுத்தார். "பாதி குடுக்கிறன். மிச்சத்தில கை வைக்க விடமாட்டன்."

சாப்பிட உட்கார்ந்தபோது வெளியே பெரிய சத்தம். தெருமுனையில் ஒரு கார் மின்கம்பத்தில் மோதியிருந்தது. தெருவே இருண்டது. எங்கள் விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு எரிந்தது. மெஷின் நிற்கவில்லை. வசந்தி ஓடிப்போய் ஹீட்டரையும் மற்ற விளக்குகளையும் அணைத்தார். வீடு சில்லிட்டது. கோட்டைப் போட்டுக்கொண்டு, போனில் பேட்டரியின் அளவு குறைவதையே பார்த்தபடி இருந்தார். அவர் தட்டில் சோறு ஆறிப்போனது.

"முழுக்கக் குடுத்திருந்தா..." என்று தொடங்கினான் சிவநேசன்.

"விடுங்கோ. சாப்பிடுங்கோ."

கம்பத்தைச் சரிசெய்து மின்சாரம் வந்தபோது, அவர் நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தார். சிவநேசன் தன் போர்வையை எடுத்து, குழாய் எட்டும் தூரம்வரை நகர்ந்து, அவர்மேல் போட்டான்.

காலையில் விடைபெறும்போது வசந்தியிடம் கேட்டேன், இனிமேலும் கொடுப்பீர்களா என்று.

"குடுப்பன் அண்ணா. குளிர் எல்லாருக்கும்தானே. ஆனா எவ்வளவு எண்டு நான்தான் சொல்லுவன்."

விமான நிலையத்தில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் மின்சாரம் வரும், போகும். உன்னால் எவ்வளவு தர முடியும் என்று எந்த வீட்டையும் யாரும் கேட்டதில்லை. அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் களைத்துப்போய், மடிக்கணினியை மூடி வைத்தேன்.