ஜெர்மன் மருந்துச் சீட்டும் என் அரைகுறை இங்கிலீஷும்

மருந்துச் சீட்டை மொழிபெயர்க்கிறவன் தப்புச் செய்தால், திருத்துவதற்கு முன்பே அது யாராவது ஒருவர் வயிற்றுக்குள் போய்விடுகிறது. பிறர் எழுத்தைப் பெயர்த்துப் பிழைக்கும் என் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஜெர்மன் பாதிரியாரிடம் நாலு வருஷம் எழுத்தராக இருந்து அந்தப் பாஷையை அரைகுறையாகப் படித்தேன். அதை நம்பி, பாளையங்கோட்டை மருந்துக்கடை ஒன்றில் என்னை வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியிலிருந்து வரும் புட்டிகளோடு இருக்கும் சீட்டை நான் இங்கிலீஷில் எழுதவேண்டும்; கம்பவுண்டர் அதைப் படித்துத் தமிழில் சொல்லுவார்.

கத்தி முனை

வயிற்றுவலிப் பொடி ஒன்று. 'கத்தி முனையளவு' என்று சீட்டில் இருந்தது. ஒரு சிட்டிகை என்பதற்கு அவர்கள் வீட்டுப் பேச்சு அது. எனக்குத் தெரியவில்லை. 'கத்தி முனையில் எடுத்துச் சாப்பிடவும்' என்று எழுதிவிட்டேன். கம்பவுண்டரும் அப்படியே சொல்லி அனுப்பினார்.

நாலாம் நாள் கொற்கைப் பக்கத்து விவசாயி ஒருவர் உதடு கிழிந்து, வாயில் துணியை அழுத்திக்கொண்டு வந்தார். அவருக்கோ கோபமே இல்லை.

"மருந்து நல்லாத்தான் கேக்கு வே. எங்க வீட்டுல கத்தி கெடையாது, அருவாதான். அத எப்படி வாய்ல வைக்கதுன்னு மட்டும் சொல்லிக்குடும்."

உறிஞ்சக் கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளை பிழைத்துக்கொண்டது. டாக்டர் ஒரு பகல் முழுக்கப் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றினார்.

அது அபின் சேர்ந்த இருமல் மருந்து. சீட்டின் கடைசி வரியில் 'ஸொய்க்லிங்' கூடாது என்றிருந்தது. அகராதியில் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. உறிஞ்சுவதற்கான சொல்லின் சாயல் தெரியவே, 'உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, விழுங்கவும்' என்று எழுதினேன். மனசு உறுத்தியதால் பாதிரியாருக்குக் கடிதமும் போட்டேன். பதில் வருமுன் மருந்து விற்பனைக்குப் போய்விட்டது.

பதில் ஒரு வரிதான்: அந்தச் சொல்லுக்குப் பால்குடிக் குழந்தை என்று அர்த்தம். கடிதத்தை மடிக்கக்கூட இல்லை, தச்சநல்லூரிலிருந்து ஒரு அம்மாள் காலிப் புட்டியோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ரெண்டு நாளா பிள்ள அழவே இல்ல ஐயா. பாலுக்குக்கூட எந்திரிக்காம உறங்குதான். இன்னும் ஒரு குப்பி தாங்க."

சண்டை வந்த பிறகு

ஜெர்மனியோடு சண்டை மூண்டதும் புட்டிகள் வருவது நின்றது, இன்ஸ்பெக்டர் வந்தார். என் அகராதியையும் பாதிரியாரின் கடிதங்களையும் கட்டி எடுத்துக்கொண்டார். வேலை போயிற்று. மறுவாரம் போலீஸ் கச்சேரிக்குக் கூப்பிட்டனுப்பினார். கடிதக் கட்டை என் முன்னால் தள்ளிவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல என்ன சதி இருக்குன்னு இங்கிலீஷ்ல எழுதி அனுப்பணும். ஜெர்மன் தெரிஞ்ச ஆளு இங்கன நீரு ஒருத்தர்தான். உம்மையும் நம்ப முடியாது. நான் என்ன வே செய்ய?"

இத்தனை வருஷத்தில் நான் சரியாக எழுதிய சீட்டுகளும் நிறைய இருந்திருக்கும், ஆனால் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒருவர்கூடக் கடைக்கு வந்ததில்லை.