தடம் அழிக்காதவள்

கணினித் திரையின் முகவரிப் பெட்டியில் ஒரேயொரு எழுத்தைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறாள் ஜீவராணி. முன்பு பார்த்த செய்திப் பக்கங்கள் வரிசையாய்க் கீழே இறங்குகின்றன. “லயத்து நாய்க்கு அடுத்தபடியா, இதுக்குத்தான் என்னைய அடையாளம் தெரியுது” என்கிறாள்.

தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே பளீல் நானாவின் கொமினிகேஷன் கடை. இணையம் உள்ள கணினி ஒன்றே ஒன்று. காலையில் றப்பர் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் இங்கே வருவாள். நகக்கண்களில் காய்ந்த பால் ஒட்டியிருக்கும். மவுசைத் தொடுமுன் விரல்களைப் பாவாடையில் தேய்ப்பாள். சம்பளப் பேச்சுவார்த்தை எங்கே நிற்கிறது என்று தமிழ்ச் செய்திகளில் தேடிப் படிப்பாள். சாயந்தரம் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சொல்லுவாள். மறுநாள் பெரட்டில், வேலை பிரிக்கும் நேரத்தில், ஆட்கள் தோட்டத்துக் கிளாக்கர் யோகராஜிடம் கேள்வி கேட்பார்கள்.

அந்த யோகராஜும் கொழும்புக்கு மெயில் அனுப்ப இதே கணினிக்குத்தான் வருகிறார். இறங்கிய பக்கங்களை அவரும் பார்த்துவிட்டார். “எவ படிக்கிறான்னு தெரியும். இனி அவளுக்கு அரைப்பேர்தான்” என்று நானாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

“அனே தங்கச்சி, எழும்ப முந்தி அழிச்சிட்டுப் போங்களேன். எனக்கும் கரச்சல்” என்றார் நானா.

பல்கலைக்கழகம் முடித்து, வேலைக்கு விண்ணப்பிக்க வந்து காத்திருந்த நான், பார்த்ததையெல்லாம் ஒரே அழுத்தில் துடைக்கும் இடத்தை அவளுக்குக் காட்டினேன். நான் எழும்பும்போதெல்லாம் துடைப்பேன். ஒளிக்க ஒன்றுமே இல்லாத நாளிலும். யாருக்குப் பயந்து என்று எனக்கே தெரியாது.

“கம்பஸ் படிச்ச தம்பி, நீங்க தொடைங்க” என்றாள். “நா பால களவாண்டேனா? படிச்சேன். அதுக்கு ஏன் தடத்த அழிக்கணும்?”

“அரைப்பேர் போட்டுருவாரு, அக்கா.”

“வெட்டுற பால முழுசாத்தானே வாங்குறாங்க? அரைப்பேர் போட்டுப் பாக்கட்டும்.”

கதவு திறந்தது. யோகராஜ், ஈரக் குடையோடு, அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“என்ன ஜீவராணி, இன்னைக்கு என்னா நியூஸ்?”

நானா மேசை லாச்சியைச் சும்மா திறந்து மூடினார்.

ஜீவராணி திரும்பவில்லை. மேலே மெனுவைத் திறந்து, எழுத்தளவை ஆகப் பெரிதாக்கினாள். சம்பளச் செய்தி திரை நிறைய வீங்கி நின்றது. பிறகு, அவருக்கு மறைக்காதபடி, நாற்காலியை இழுத்து ஒதுங்கி உட்கார்ந்தாள்.