பிரிக்காத சீட்டுகள்

அப்பா குளியலறையில் விழுந்த பிறகு அவரைப் பகலில்கூடத் தனியே விட முடியவில்லை. மாதத்துக்கு ஒருவர் சிங்கப்பூரில் பிடோக் வட்டாரத்திலிருந்த வீட்டில் அவருடன் தங்குவது என்று நான், தம்பி, தங்கை மூவரும் முடிவு செய்தோம். யார் என்பதைத் திருவுளச்சீட்டு சொல்லும். மாதக் கடைசி ஞாயிறன்று நான் பெயர்களை எழுதிச் சுருட்டி முருகன் படத்தின் முன் தட்டில் வைப்பேன். அப்பா ஒன்றை எடுப்பார். மற்ற இரண்டையும் பிரிக்காமல் கற்பூரத்தில் போட்டுவிடுவோம். பிரித்தால் சாமியைச் சந்தேகித்ததாகும்.

நான்கு மாதமும் தங்கைதான். மூன்று சீட்டிலும் அவள் பெயரையே எழுதினேன். எனக்கும் தம்பிக்கும் குடும்பம் இருந்தது. புக்கிட் மேராவில் அவள் தனியாக இருந்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அவள் சம்பளமில்லா விடுப்பில் இருந்தாள். ஐந்தாவது மாதமும் வராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவேன் என்று அவளுடைய மேலாளர் சொல்லியிருந்தார்.

ஐந்தாவது சீட்டுக்கான ஞாயிறு காலை, லிட்டில் இந்தியாவில் தோசைக் கடை ஒன்றில் என் மகள் மடிக்கணினியைத் திறந்தாள். பல்கலைக்கழக வீட்டுப்பாடமாக அவள் எழுதிய கணினி நிரல்.

"சிம்பிளா ஒரு சான்ஸ் கேம் கேட்டாங்கப்பா. எல்லாரும் காசு சுண்டுறாங்க, பகடை உருட்டுறாங்க. நான் நம்ம வீட்டுச் சீட்டைப் போட்டுட்டேன் லா."

"சாமி காரியத்த கம்ப்யூட்டர்ல போடாதே."

"சாமி எடுத்தா ஆளுக்கு மூணுல ஒண்ணுன்னு குடுத்திருக்கேன். ஃபேர்தானே?"

அந்த நிரலில் ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னால் அது உண்மையாக இருக்கும் வாய்ப்பு ஓர் எண்ணாக நிற்கும். கீழே விதிகள். நடந்ததைச் சான்றாகக் கொடுத்தால் அது பின்னோக்கிக் கணக்கிடும். முதல் வரியில் கள்ளச்சீட்டு, அதாவது மூன்றிலும் அத்தை பெயர்: நூற்றுக்கு ஐந்து.

"நம்ம ஃபேமிலி. மரியாதைக்குக் கம்மியா போட்டேன்."

அத்தை பெயருக்குச் சீட்டு ஒரு முறை விழுந்தது என்று சேர்த்தாள். ஐந்து, பதினான்கானது. இரண்டாம் முறை, முப்பத்திரண்டு. சிரித்தாள். மூன்றாம் முறை, ஐம்பத்தொன்பது. நான்காவதில் எண்பத்தொன்று. அப்போது சிரிக்கவில்லை.

"இன்னைக்கும் விழுந்தா தொண்ணூத்து மூணு. சீட்டு யாருப்பா எழுதுறது?"

"நான்."

சட்னியைப் பார்த்தபடி சொன்னாள்: "இந்த புரோகிராம அத்தைக்கு நேத்தே அனுப்பிட்டேன், நீங்களே போட்டுப் பாருங்கன்னு. மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ரிப்ளையே வரல."

மாலை பிடோக்கில், முதன்முறையாக மூன்று சீட்டில் மூன்று பெயர்களை எழுதினேன். தம்பி வரவில்லை. அப்பாவின் விரல் ஒரு சீட்டைத் தொட்டு, விட்டு, இன்னொன்றை எடுத்தது. மகள் பிரித்தாள். தங்கையின் பெயர்.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மற்ற இரண்டு சீட்டுகளின் மேல் தங்கை கையை வைத்தாள்.

"இருங்கண்ணே."

"பிரிக்காதம்மா. சாமி குத்தம்," என்றார் அப்பா.

அவள் பிரித்தாள். ஒன்றில் என் பெயர், மற்றதில் தம்பியின் பெயர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்கண்ணே. உங்களப் போயி தப்பா நெனச்சிட்டேன்."

மற்ற சீட்டுகளில் வேறு பெயர்கள் என்று மகள் நிம்மதியாக மடிக்கணினியில் ஒரு வரியைச் சேர்த்தாள். "ஜீரோப்பா! இனிமே சான்ஸே இல்ல."

நான் பிரித்த சீட்டுகளை எடுத்துக் கற்பூரத்தில் போட்டேன். அடுக்களையிலிருந்து தங்கை மேலாளரிடம் ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. இந்த மாதமும் வர முடியாது என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வைப்பதற்கு முன் இரண்டு முறை நன்றி சொன்னாள்.