மூன்று குவியலாகப் பிரித்த விடைத்தாள்கள்

அரசிக்கும் கவினுக்கும் அப்பா எழுதுவது. இங்கே திறந்திருக்கிற கதவையும் தட்டுகிறார்கள். கனடாவில் இந்தச் சட்டக் கல்லூரியில் எனக்கொரு சின்ன அறை கொடுத்திருக்கிறார்கள். மேல்படிப்பு படிக்க வந்த நானே முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியனும்கூட. டீச்சிங் அசிஸ்டென்ட் என்பார்கள். ஒப்பந்தச் சட்டம் நடத்தும் பேராசிரியருக்கு விடைத்தாள் திருத்திக் கொடுப்பதும், சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்கு விளக்குவதும் என் வேலை. வருகிறவர்கள் தட்டிவிட்டு, நான் வரச்சொல்லும்வரை வெளியிலேயே நிற்பார்கள். யாரும் வராத நாளில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

போன மாதம் முப்பத்தெட்டு விடைத்தாள்கள் வந்தன. எல்லாம் கையால் எழுதியவை. எந்தக் கருத்துக்கு எத்தனை மார்க் என்று பேராசிரியர் ஒரு குறிப்பும் கொடுத்திருந்தார். அதை ஒரு தரம் படித்து ஓரமாக வைத்துவிட்டு, என் கைக்குப் பழகின மாதிரி செய்தேன். தாள்களைப் புரட்டி, கையெழுத்தைப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தேன். அதற்குப் பிறகுதான் மார்க் போட்டேன்.

சிலமலைப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்துவிட்டு, வயது போன பிறகு சட்டம் படித்தவன் நான். அதற்கு முன் போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் ஆறு வருடம் ரகம் பிரித்தேன். போடிமெட்டிலிருந்து ஜீப்பில் வந்த லோடு இறங்கியதும் முறத்தில் பரப்பிக்கொண்டு உட்காருவோம். உங்கள் அம்மாவை அங்கேதான் முதலில் பார்த்தேன். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம். எந்தக் காயையும் உரித்துப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கிற விதை எவ்வளவு மணத்தாலும், தோல் வெடித்திருந்தால் மூன்றாம் ரகம்தான். கிட்டங்கியில் அது சரி. பிள்ளைகள் எழுதிய தாளிலும் அதையே செய்தேன் பாருங்கள், அதுதான் தப்பு.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் நோரா என்ற பெண் வந்து கதவைத் தட்டினாள். அடித்து அடித்து எழுதிய அவள் தாளை மூன்றாவது குவியலில் போட்டு, ஃபெயிலாக்கியிருந்தேன். இதில் தேறாவிட்டால் அவள் இந்த ஆண்டையே மறுபடி படிக்க வேண்டும். பேராசிரியரின் குறிப்பைப் பக்கத்தில் வைத்து, தன் தாளை வரிவரியாக விரலால் காட்டினாள். கேட்ட கருத்துகள் எல்லாமே இருந்தன. எழுந்து என் நாற்காலியை அவளுக்குப் போட்டு, பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். ஒருவருக்குத் தப்புச் செய்துவிட்டால் நம்மூரில் முதலில் உட்காரத்தானே வைப்போம்? அவள் டீயைத் தொடவில்லை. இங்கே உட்கார வைத்தால் கெட்ட செய்தி வரப்போகிறது என்று நினைப்பார்களாம்.

"என்னைக் காலேஜைவிட்டே அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"தப்பு உன்னுடையதில்லை, என்னுடையது" என்றேன். அவள் நம்பாமல்தான் போனாள்.

பேராசிரியரிடம் சொன்னால் இந்த வேலை போகலாம். வேலை போனால் படிப்பும் நின்றுவிடும். கலந்து பேச இங்கே ஒரு ஆளில்லை. மறுநாள் காலையில் உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே பொழுது சாய்ந்திருந்தது.

"என்னது, பரீட்சைத் தாளையா ரகம் பிரிச்சீக?" என்று சிரித்தாள். "முறம் எங்க வாங்குனீக?"

"சிரிக்காத சாந்தி. வேலையே போயிரும் போலருக்கு."

"போனா வாங்க, கிட்டங்கியில எடமிருக்கு. ஊரான் பிள்ளைய ஒரு வருசம் உக்கார வச்சிட்டு அங்கன நீங்க என்ன சட்டம் படிக்கிறீக? வெரசாப் போயிச் சொல்லிருங்க."

போய்ச் சொன்னேன். பேராசிரியர் திட்டவில்லை. முப்பத்தெட்டையும் குறிப்பின்படி மறுபடி திருத்தச் சொன்னார். அடுத்த பருவத்துக்கு என்னை வைத்துக்கொள்வதா என்று பிறகு சொல்வதாகச் சொன்னார். மூன்று நாள் ஒரு வரி விடாமல் படித்தேன். நோரா தேறினாள். முத்து முத்தாக எழுதியிருந்த ஒரு பையனுக்கு மார்க் குறைந்தது. தாளைக் கொடுத்தபோது நோரா, "முதல்லயே நீங்க படிச்சிருக்கலாம்" என்றாள். நியாயம்தான். என் வேலையைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.

அரசி, நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் உன் சமூக அறிவியல் நோட்டைப் பார்த்து, "கோழி கிண்டுன மாதிரி எழுதிருக்க" என்று கத்திவிட்டு மூடி வைத்தேனே, அதில் ஒரு வரிகூட நான் படிக்கவில்லை. நேற்று உன்னிடம் சொல்லி அதைப் போட்டோ எடுத்து அனுப்ப வைத்தேன். பதினோரு பக்கம். எல்லாவற்றையும் படித்தேன். மண் அரிப்புக்குக் குரங்கணி மலைச்சரிவை உதாரணம் காட்டியிருக்கிறாய். அது புத்தகத்தில் இருக்காது, நீயே பார்த்து எழுதியது. ஏழாவது பக்கத்துப் போட்டோவின் ஓரத்தில் நம் வீட்டுச் சிமெண்டுத் தரையும் கவினின் கால் பெருவிரலும் விழுந்திருக்கின்றன. அந்த மூலையை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்க மங்கிக்கொண்டே போனது. கொஞ்சம் சின்னதாக்கி, கவினின் விரல் விரலாகத் தெரிகிற அளவில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.