சொல்லாமல் விட்ட குதிரைகள்

தேவிப்ரியாவின் அப்பா மாயவரம் பக்கத்திலிருந்து வங்காளத்துக்குத் துறைமுக வேலைக்கு வந்து டாலிகஞ்சிலேயே தங்கிவிட்டவர். அவளும் இப்போது அதே துறைமுகத்தில்தான் வேலை பார்க்கிறாள். எந்தக் கப்பலை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் பிரிவு. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி என்று முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது. கணவன் ராம்கி வங்கியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் மார்க்கெட் கூச்சலைக் கேட்டுக்கொண்டே இன்னும் ஒரு மணி நேரம் தூங்குவதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை, முத்துக்குமாரைச் சந்திக்கும்வரை.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கோவில்பட்டிக்காரன், கப்பல் கட்டும் அரசு நிறுவனம் ஒன்றில் பொறியாளர், மாற்றலாகி வந்து நாலு வருஷம். அவன் நகக்கண்ணெல்லாம் நீலப் பெயிண்ட்.

"வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க, குதிரைக்குச் சேணம் அடிச்சேன்" என்றான் அவன். பிறகு செல்போனில் படம் காட்டினான். கட்டைவிரல் உயரத்தில் ஒரு மங்கோலியக் குதிரை வீரன். மீசைகூடத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாலிகஞ்சில் ருத்ரோ-தாவின் வீட்டு மாடிக்கு அவளைக் கூட்டிப்போனான். ருத்ரோ-தா, அதாவது ருத்ரோ அண்ணன், ஓய்வுபெற்ற வரைபடக்காரர். பெரிய கூடத்தில் மேசைகளைப் போட்டு, அவற்றின்மேல் மலையும் ஆறும் தோப்பும் செய்துவைத்து, அங்கே ஒரு லீக் நடத்திக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு பொம்மைப் படை. அளவு நாடாவால் தூரம் அளந்து நகர்த்த வேண்டும். பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். கூடம் முழுக்க ஐடி பையன்கள், ஒரு பல் மருத்துவர், இரண்டு கல்லூரி ஆசிரியர்கள். பெண் என்று இவள் ஒருத்தி. தமிழர் என்று இவர்கள் இருவர்.

முதல் சீசன் முழுக்கத் தோற்றாள். யானைப்படை வாங்கியிருந்தாள். பெரிதாக இருக்கிறதே என்று யானைகளை முன்னால் அனுப்புவாள். அம்பு பட்டதும் அவை மிரண்டு திரும்பி அவளுடைய வில்லாளிகளையே மிதித்துப் போடும். ஒவ்வொரு முறையும் கூடமே சிரிக்கும். முத்து மட்டும் சிரிக்காமல் வந்து பக்கத்தில் நிற்பான்.

"இங்கன நின்னு பாத்தா உனக்கு உன் யானைதான் தெரியும். எதிராளி பக்கம் போயி நின்னு பாரு. உன் ஓட்டை எல்லாம் அங்கயிருந்துதான் தெரியும்."

அவன் சொன்ன மாதிரி செய்தாள். மெல்ல மெல்ல ஆட்டம் பிடிபட்டது. யானையைப் பின்னால் வைத்துக் காத்திருக்கவும், ஆசை காட்டி இழுக்கும் எதிரியைத் துரத்தாமல் இருக்கவும் கற்றாள். அலுவலகத்தில் இரண்டு கப்பல்காரர்கள் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்போதுகூட எழுந்து போய் அவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். ராம்கி கேலி செய்தான். ஆனால் அவனும் ஒரு யானையின் அம்பாரிக்கு வர்ணம் பூசிக் கொடுத்தான்.

ஒரு விதியை மட்டும் அவள் மறந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொருவரும் படையில் ஒரு பகுதியை ரிசர்வாக மேசைக்கு வெளியே தட்டில் வைத்துக்கொள்ளலாம். நாலாவது சுற்று தொடங்கும்போது "ரிசர்வ் வருது" என்று சொல்லி இறக்க வேண்டும். சொல்லாமல் ஒரு பொம்மையை நகர்த்திவிட்டால் தட்டில் இருப்பவர்கள் அந்த ஆட்டத்தில் இல்லை. எதிராளி ஞாபகப்படுத்த வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஆனால் அவளோடு ஆடும்போதெல்லாம் முத்து ஞாபகப்படுத்துவான். அவளுடைய ரிசர்வ் இறங்கினால் தனக்குத்தான் அடி விழும் என்று தெரிந்தும், "தேவி, தட்டுல ஆளு கெடக்கு, மறந்துராத" என்பான்.

இரண்டாவது சீசனின் கடைசி ஆட்டம் அவர்கள் இருவருக்கும் இடையில் அமைந்தது. ஜெயிப்பவர் பெங்களூரில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம்.

அன்று முத்து தாமதமாக வந்தான். சவரம் செய்யவில்லை. சட்டைப் பொத்தான் ஒரு கண் தள்ளிப் போட்டிருந்தது. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஆரம்பி" என்றான்.

மூன்றாவது சுற்று முடிந்தபோது ஆட்டம் சமமாக நின்றது. அவள் வழக்கம்போல மேசையைச் சுற்றி அவன் பக்கம் போய் நின்றாள். தன் இடது பக்கம் ஆளில்லாமல் திறந்துகிடப்பது அங்கிருந்து பளிச்சென்று தெரிந்தது. குதிரைப்படை ஒன்று அந்த வழியாக வந்தால் அவள் கதை முடிந்தது. நிமிர்ந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் தட்டு இருந்தது. அதில் ஆறு குதிரை வீரர்கள், ஆறு பேருக்கும் நீலச் சேணம்.

முத்து அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு ஆற்றங்கரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஞாபகம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சொல்ல வாய்வரை வந்தது. தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். அந்த நாலடி தூரத்தில் என்னென்னவோ நினைத்தாள். அவன் எப்படியும் சொல்லிவிடுவான். நான் ஏன் சொல்ல வேண்டும், இது லீக். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். தன் அளவு நாடாவை எடுத்து, அழுக்கே இல்லாத அதை முந்தானையால் துடைத்தாள்.

முத்து கை நீட்டி ஒரு வில்லாளியை நகர்த்தினான்.

அதற்குப் பிறகு ஆட்டம் நெடுநேரம் நடக்கவில்லை. அவளுடைய யானைகள் நடுவில் இறங்கின. கூடம் கைதட்டியது. ருத்ரோ-தா "பா, தேவி, தாருண்!" என்று வங்காளியில் மெச்சி முதுகில் தட்டினார். முத்து திரும்பி ஜன்னல் திட்டைப் பார்த்தான். பிறகு கை கொடுத்தான்.

"நல்லா ஆடுனே. நாந்தான் குதிரைய மறந்து தொலைச்சிட்டேன்."

"அச்சச்சோ" என்றாள் தேவி. இப்போதுதான் தெரிந்ததுபோல அவள் போட்ட அந்தச் சத்தம்தான் பிற்பாடு அவளை அதிகம் குத்தியது. சும்மா இருந்தது ஒரு தப்பு. அந்த 'அச்சச்சோ' அதைவிடக் கேவலம்.

வீட்டில் ராம்கியிடம் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "ரூல்ல தப்பில்லையே?" என்றான்.

"இல்ல."

"அப்புறம் என்ன? கிரிக்கெட்ல எதிர் டீம்காரன் தப்புப் பண்ணா இவன் போய்ச் சொல்வானா?"

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவளுக்கு எரிச்சல் வந்தது. ஜெயித்துக் கொண்டுவந்த கோப்பையைத் துணி அலமாரிக்குள் வைத்தாள். மறுநாள் ஒரு புடவையை எடுக்கக் கதவைத் திறந்தபோது அது கண்ணில் பட்டது. இன்னும் உள்ளே தள்ளினாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் முத்துவின் மனைவி சகுந்தலாவுக்குப் போன் செய்தாள். சாதாரணமாகப் பேசி, அந்த வீட்டில் தன்மேல் வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று நூல் விட்டுப் பார்க்கத்தான்.

"நான் மதுரையில இருக்கேன், அக்கா" என்றாள் சகுந்தலா. "பாப்பாவும் நானும் வந்துட்டோம். இங்கயே ஸ்கூல்ல சேத்தாச்சு. எனக்கு அங்க ஒத்துக்கலை. எத்தனை நாள்தான் சண்டை போட்டுக்கிட்டே இருக்கது? ஞாயித்துக்கிழமை காலையில அவருதான் ஏர்போர்ட்டுக்கு வந்து ஏத்திவிட்டாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா. மேட்ச் அன்னைக்குத்தான். இன்னைக்குப் போகாதீங்க, வீட்ல போய்ப் படுங்கன்னேன். காலி வீட்டுக்குப் போக மனசில்ல, தேவிகூட ரெண்டு மணி நேரம் வெளையாடுனா கொஞ்சம் தேவலையா இருக்கும்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

தேவி பிறகு என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. போனை வைத்துவிட்டு சாம்பார் கொதித்த அடுப்பை அணைக்க மறந்து நின்றாள். பொத்தானை மாற்றிப் போட்டு வந்தவனைப் பார்த்தும், ஒரு கேள்வி கேட்டு விட்டுவிட்டோமே என்று நினைத்தாள். கேட்டபோதுகூட அவள் கண் மேசைமேல்தான் இருந்தது.

பெங்களூருக்குப் போனாள். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் எதிரில் இருந்தவர் ஹூப்ளிக்காரர், வழுக்கைத் தலை, யாரென்றே தெரியாது. மூன்றாவது சுற்று முடிந்ததும் அவர் அவளுடைய தட்டைக் காட்டி, "மேடம், உங்கள் ரிசர்வ்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. தேவி "எக்ஸ்க்யூஸ் மீ" என்று எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். திரும்பி வந்து ரிசர்வை இறக்காமலே ஆடினாள். அந்த மனிதர் குழம்பிப்போனார்.

ஊர் திரும்பியதும் முத்துவை லேக் மார்க்கெட்டுக்கு வரச் சொன்னாள். அவன் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, தோசைக் கடையில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். தோசை வரும்வரை பெங்களூர் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"முத்து, அன்னிக்கு உன் குதிரை தட்டுல இருந்தத நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சும்மா இருந்தேன்."

அவன் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டான். "தெரியும்."

"தெரியுமா?"

"என் பக்கம் வந்து நின்னே. ஜன்னல பாத்தே. பொறவு என் மூஞ்சிய பாக்காம போயி டேப்பத் துடைச்சே. அப்ப எனக்கு வெளங்கல. வில்லாளிய நகத்தி வச்ச பொறவு வெளங்கிட்டு."

"அப்பவே கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா எறக்கிக்கோன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பியா?"

பொய் சொல்லக் கூடாது என்றுதான் வந்திருந்தாள். "தெரியல" என்றாள்.

"எனக்கும் தெரியல. அதான் கேக்கல. நான் கேட்டு நீ மாட்டேன்னுட்டா, அதையும் தாங்குற தெம்பு அன்னைக்கு எனக்கு இல்ல." இலையை மடித்தான். "விடு. பொம்மைதான."

அன்று வீட்டுக்கு நடந்தபோது அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. அந்த நிம்மதி அடுத்த சீசனின் முதல் ஞாயிறுவரை நிலைத்தது. முதல் ஆட்டமே அவனோடுதான். மேசைமேல் பொம்மைகளை அடுக்கி முடித்ததும் அவன் பகடையை அவள் பக்கம் தள்ளினான்.

"நீங்க ஆரம்பிங்க, தேவி."

முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். இல்லை. ஆட்டம் முழுக்க நீங்க, உங்க, சொல்லுங்க. மரியாதைக்குக் குறைவே இல்லை. அவள் அளப்பதை அவன் சரிபார்க்கவில்லை, தன் அளவை அவளுக்குச் சரியாகக் காட்டினான். நாலாவது சுற்றில் அவள் தட்டைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் அவனுக்கு ஞாபகப்படுத்தினாள். "தெரியும்ங்க, தேங்க்ஸ்" என்றான்.

அன்றுதான் அவளுக்கு உறைத்தது. அவள் வாய் திறக்கும்வரை, தான் பார்த்தது தப்பாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளவாவது அவனுக்கு ஒரு வழி இருந்தது. அதையும் தோசைக் கடையில் அவள் அடைத்துவிட்டாள். தன் சுமையை இறக்கிவைக்க அவள் தேர்ந்தெடுத்த இடம் அவன் தலை.

அதன் பிறகு எல்லோரிடமும் ரிசர்வை ஞாபகப்படுத்தத் தொடங்கினாள். சிலருக்கு அது பிடித்தது. பல் மருத்துவர் மட்டும், "தேவி அக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று சிடுசிடுத்தார். அந்த சீசனில் நடுவில் எங்கோ ஓர் இடம்தான் கிடைத்தது.

துர்கா பூஜைக்கு முன்னால் ருத்ரோ-தா எல்லோரையும் கூட்டி வைத்து விதிகளைத் திருத்த ஆலோசனை கேட்டார். ஐடி பையன் ஒருவன், ரிசர்வை எதிராளி கட்டாயம் ஞாபகப்படுத்த வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவரலாம் என்றான். முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள். தேவி தூக்கவில்லை.

ருத்ரோ-தாவுக்கு ஆச்சரியம். "எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருப்பவள் நீதானே?"

"விதி வேண்டாம், ருத்ரோ-தா" என்றாள் வங்காளியில். "சொல்றவங்க சொல்லட்டும்." ஏன் என்று விளக்க அவளுக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது முத்துவின் கையும் மடியிலேயே இருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

விதி நிறைவேறிவிட்டது. கூட்டம் கலைந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படியில் முத்து குடையை விரித்துக்கொண்டு நின்றான்.

"ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் வரலாம்ங்க" என்றான்.

ஒரே குடையில் நடந்தார்கள். டிசம்பர் லீவுக்குச் சகுந்தலாவும் பாப்பாவும் வருவதாகச் சொன்னான். பாப்பாவுக்கு வங்காளி மறந்துகொண்டு வருகிறதாம், போனில் இவன் வங்காளியில் பேசினால் தமிழில் பதில் சொல்கிறாளாம். தேவிக்கு மன்னிப்புக் கேட்க நெஞ்சுவரை வந்தது. அது யாருக்காக என்று இந்த முறை தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.

"வந்தா வீட்டுக்குச் சாப்பிட அழைச்சிண்டு வா" என்றாள்.

"பாப்போம்ங்க" என்றான் முத்து. டாலிகஞ்ச் ஆட்டோ ஒன்றைக் கை காட்டி நிறுத்தி, அவள் ஏறும்வரை குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தான். அவன் வலது தோள் முழுக்க நனைந்திருந்தது.