அக்காவைப் பார்க்கப் பிளேனில் வந்தேன்

அக்காவின் முதல் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு டெல்லித் தம்பியின் வணக்கம். இந்த நினைவு மலருக்குக் கடைசியாக வந்து சேர்ந்த கட்டுரையும் என்னுடையதுதானாம். அத்தான் சிரிக்கிறார்.

அக்கா பிறந்தது தென்காசியில். அம்மா காலமானபோது அவருக்குப் பாவாடை வயது, எனக்குத் தொட்டில் வயது. என்னை இடுப்பில் வைத்தபடியே உலை வைத்தார். நான் ஒருவழியாக இறங்கி நடந்த பிறகுதான் மேலகரத்தில் வாழ்க்கைப்பட்டார். பிள்ளை இல்லையே என்று ஊர் பேசியபோதெல்லாம் என் பேச்சை எடுப்பார்: "எந்தம்பி காலையில டெல்லியில காப்பி குடிச்சான்னா, மத்தியானம் மெட்ராஸ்ல சாப்பிடுவான்." உண்மையில், ஆபீஸ் அதிகாரிகளைப் பிளேன் ஏற்றிவிடப் போனதோடு சரி, அதுவரை நான் ஏறியதே இல்லை.

சென்ற ஆண்டு சாரல் நேரத்தில் அக்கா படுக்கையில் விழுந்தார். அத்தான் முதலில் ராயகிரிக்கு ஆள் அனுப்பினார், பிறகு புளியங்குடிக்கு. டெல்லிக்குத் தந்தி எல்லோருக்கும் கடைசியில்! கேட்டால், "மாட்டு வண்டியில வாறவங்களுக்கு மொதல்ல சொல்லணும்லா மாப்ளே? நீங்கதான் பறந்து வந்திருவியளே" என்கிறார்.

பறந்தேன். ஆயிரம் மைலுக்கு மேல்; மத்தியானம் மெட்ராஸ். ஆனால் தென்காசி ரயில் சாயங்காலம்தான். மிச்சம் பிடித்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அக்கா கண்மூடினால் பிறந்த வீட்டுக் கோடியாகப் புதுச்சேலை போர்த்த என்னை விட்டால் ஆளில்லை. அழுதுகொண்டே ஒரு சிவப்புச் சேலை எடுத்தேன். "கல்யாணமா சார்?" என்றார் கடைக்காரர். தலையாட்டி வைத்தேன்.

விடிந்து தென்காசியில் இறங்கினால் குற்றாலத்து சீசன் கூட்டம். பஸ் நிறைய எண்ணெய்த் தலைகள். "மேலகரம்தான அண்ணாச்சி? நடந்தே போயிரலாம்லா. அருவிக்குப் போறவங்களுக்கே எடமில்ல" என்று கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். ஆகாயத்தில் வந்த துரை, மிச்சத் தூரத்தைப் பெட்டியோடு நனைந்து நடந்தார்.

அக்காவுக்கு நினைவு இருந்தது. "ஏலே, பிளேன்ல வந்தியா, பிளேனத் தள்ளிக்கிட்டு வந்தியா?"

நான் துவட்டிக்கொள்ளத் துண்டு தேடி அத்தான் பெட்டியைத் திறந்தார். மேலேயே சேலை. அக்காவும் பார்த்துவிட்டார்.

"மெட்ராஸ்ல சும்மாதான இருந்தேன்னு..." என்று உளறினேன்.

அக்கா கரையைத் தடவிப் பார்த்தார். "பொறந்த வீட்டுக் கோடிதானலே? அழுவாத. போன பொறவு போட்டா, நல்லாருக்கான்னு நான் யாருகிட்ட கேக்க? இப்பமே கட்டி விடுங்கட்டி."

கட்டிவிட்டார்கள். கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்த வாரமே போய்விட்டார்.

உடுத்திய சேலை கோடி ஆகாது, புதிதாக எடுக்க வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். "அவ கையால வாங்கி உடுத்தியாச்சு. இதுக்கு மேல ஒரு கோடி கெடையாது" என்றார் அத்தான்.

எனக்கு முன்பே வண்டி கட்டி வந்து கண்விழித்துப் பார்த்துக்கொண்ட உறவுகளுக்கும், அக்காவை அலங்கரித்த மேலகரத்துப் பெண்களுக்கும், அதே சேலையோடு அனுப்பிவைத்த அத்தானுக்கும் என் கும்பிடு.