தட்டான் வராத ஐப்பசி

எங்கள் வீட்டில் மழைக்கு அதிகாரி மாமாதான், அம்மாவின் தம்பி. பிச்சாட்டூர்ப் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. ஏரியிலிருந்து தட்டான்கள் கூட்டமாகக் கிளம்பி வயலுக்கு மேல் தாழப் பறந்தால் சாயங்காலம் மழை என்பார். அவர் சொன்னால் அம்மா மறுபேச்சில்லாமல் வடகத்தை உள்ளே எடுத்துவிடுவாள். ஒரு தடவையும் தவறியதில்லை என்று மாமாவே சொல்லிக்கொள்வார்.

நான் நான்காவது படித்த வருடம், கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எங்களுக்கு முதன்முதலாகச் சொந்த நிலம் வந்திருந்தது. முதல் விளைச்சல் வேர்க்கடலை. ஐப்பசியில் பிடுங்கி, ஆய்ந்து, தார்ரோட்டோரம் காயப்போட்டிருந்தோம். நனைந்தால் அத்தனை பாடும் வீண். மதியம் வானம் லேசாக மூடியது. போனில் மழை காட்டுகிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் அள்ள ஆரம்பித்தார்கள். என் நைனாவுக்குக் கை பரபரத்தது.

"ஊரே மூட்ட கட்டிக்கினு கீது மச்சான்."

"ஒரு தட்டான்கூட கண்ல படல. மழ எங்கேர்ந்து வரும்? இன்னும் கொஞ்சம் காயட்டும் உடு," என்றார் மாமா.

சற்று நேரத்தில் கொட்டித் தீர்த்தது. தார்ப்பாய், அம்மாவின் புடவை, என் புத்தகப்பை என்று கையில் கிடைத்ததிலெல்லாம் அள்ளினோம். பாதிக்கு மேல் தப்பியது. நனைந்ததை அம்மா உப்புப் போட்டு அண்டாவில் அவித்தாள். தெருவே வந்து தின்றது. எனக்கு அது திருவிழாதான். தட்டானுங்க லீவு போட்டுக்கினு போச்சா என்று நைனா கேட்க, மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போய் நின்றார். மடியில் கடலையோடு நானும் போவேன். தட்டான் முட்டையிடுவதும் குஞ்சு வளர்வதும் தண்ணீரில்தான் என்று திருப்பதியில் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். அந்த ஐப்பசிக்கு முந்தின கோடையில் வெயில் என்றுமில்லாத கொடுமை. ஏரி அடிவரை காய்ந்து வெடித்திருந்தது. நாங்கள் அதில் ஓடிப்பிடித்து விளையாடினோம். அப்படிப்பட்ட கோடைகள் இப்போது அடிக்கடி வருகின்றன.

அந்த ஐப்பசியின் புது மழையில் ஏரி பாதி நிரம்பியிருந்தது. மாமா தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "எங்கடி போச்சுங்க எல்லாம்?" என்றார். வாய் நிறையக் கடலையோடு, "நாளைக்கு வந்துடும் மாமா," என்றேன்.